அன்னெகாவுக்குக் களி, எனக்குச் சோறு

ஏப்ரலில் இரண்டு நாள் வெயில் அடித்தால் போதும், நெதர்லாந்தில் நான் இருக்கும் இந்தச் சின்ன ஊரே சைக்கிளில் ஏறிவிடும். சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு அன்னெகா சந்தைக்குக் கிளம்புகிறாள். அவளுடைய சைக்கிளின் ஹேண்டில்பாரில் பச்சையும் மஞ்சளுமாக ஓர் ஒயர் கூடை தொங்குகிறது. அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் என் அம்மா, தன் கையால் பின்னிய கூடை. திரும்பி வரும்போது அதில் முள்ளங்கியும் கீரையும் நிறைந்திருக்கும். எங்கே வாங்கினாய் என்று சந்தையில் யாராவது கேட்டால், தர்மபுரியில் இருக்கும் அம்மா கொடுத்தது என்கிறாளாம். யாருடைய அம்மா என்று சொல்வதில்லை. ஜன்னலோரம் காபியோடு நின்று இதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. இதை நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

அன்னெகா பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கார் கிடையாது. தோட்டத்தில் விளைவதைச் சமைப்பாள், சுற்றுவட்டாரத்தில் விளையாததை முடிந்தவரை வாங்க மாட்டாள், ஸ்வெட்டரைத் தானே பின்னிக்கொள்வாள். எளிமையாக வாழ்கிறேன் என்று அவள் சொல்லும்போதெல்லாம் நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். எங்கள் வீட்டில் வேறு வழியில்லாமல் இதையெல்லாம் செய்தோம், அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச சைக்கிளை மிதித்துத் தர்மபுரிக்குப் போய்ப் படித்தேன். வேலை கிடைத்த மாதமே அதைத் தொடுவதை விட்டுவிட்டேன். ஒருநாள் வாய் சும்மா இருக்காமல், நீ செய்வதெல்லாம் எங்கள் அம்மா தினமும் செய்வதுதான் என்று சொல்லித் தொலைத்தேன். பார்க்க வேண்டுமே என்றாள். இந்த வருடம் மாசியில் என்னோடு விமானமும் ஏறிவிட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா எங்கள் இருவரையும் ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்து, கடையில் வாங்கிவைத்திருந்த தண்ணீர் பாட்டிலை ஆளுக்கொன்றாக நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். அன்னெகாவோ பிளாஸ்டிக் வேண்டாம் என்று தலையாட்டி, மூலையில் இருந்த மண்பானையைக் காட்டினாள். காய்ச்சி ஆற வைத்த தண்ணீர்தான். அதை ஒரு சொம்பு நிறைய அவள் குடித்து முடித்தபோது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறியபோதுகூட அப்படி மலர்ந்ததாக நினைவில்லை.

மறுநாள் நான் தூங்கி எழுந்தபோது அன்னெகா கொல்லையில் களைக்கொத்தோடு கீரைப் பாத்தியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு சொல்கூட இருவருக்கும் பொதுவில் கிடையாது. ஆனாலும் அம்மா அவளிடம் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தாள். பெயரை ஒரே நாளில் அன்னம் ஆக்கிவிட்டாள். களை என்று நினைத்து அவள் கீரையைப் பிடுங்கியபோது, கண்ண எங்க வெச்சிருக்கற என்று திட்டவும் செய்தாள். அந்தத் திட்டைக் கேட்டு நான் ஏங்கிப் போனேன் என்றால் நம்புவீர்களா? அம்மா என்னைத் திட்டிப் பல வருடங்கள் ஆகின்றன. நான் ஹோஸைத் தூக்கினால், கை நோவும், போய் உக்காரு கண்ணு என்று பிடுங்கிக்கொள்வாள். என் பழைய சைக்கிளில் கீரைக்கட்டு வைத்து ஊர்க் கடைக்கு அன்னெகா போனாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து அவள் போவதைப் பார்த்தேன். சாயங்காலம் இருவரும் ஒயரைப் பரப்பிக்கொண்டு கூடை பின்னினார்கள். இரவில் அன்னெகா என்னிடம் தணிந்த குரலில் டச்சு மொழியில் கேட்டாள், உனக்கு ஏதாவது நோயா, அம்மா உன்னை ஒன்றும் செய்ய விடுவதில்லையே என்று. இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

சாப்பாடுதான் தாங்க முடியாததாக இருந்தது. அவளுக்கு ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். எனக்கு வெள்ளைச் சோறு, பருப்பு, தயிர். ஐந்தாம் நாள் மத்தியானம் நான் நாற்காலியை விட்டு இறங்கி அன்னெகாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"எனக்கும் களி போடும்மா."

"உனக்கு ஒத்துக்காது கண்ணு. சோறு வடிச்சி வெச்சிருக்கறன்."

"அவளுக்கு மட்டும் ஒத்துக்குதா?"

அம்மா களி கிண்டிய துடுப்பைச் சட்டியோரம் வைத்துவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"நீதான சொன்ன, இந்த வூட்டுத் தண்ணியும் சோறும் இனிமே எனக்கு ஆவாதுன்னு."

சொல்லியிருக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன்பு லீவில் வந்தபோது வயிறு கெட்டு, டவுனில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி வந்தேன். அந்தக் கடுப்பில் கத்தியது. சொன்ன நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். அம்மா அதை மருத்துவர் சொல் போல வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் எனக்கென்று பாட்டில் வாங்கி அடுக்கியிருக்கிறாள். மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்னெகாவின் தட்டிலிருந்தே ஓர் உருண்டையைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டேன். பசியும் ரோஷமும் சேர்ந்து நன்றாக மென்றேன். எங்கள் பக்கத்தில் களியை யாரும் மெல்ல மாட்டார்கள். கிள்ளி, தோய்த்து, அப்படியே விழுங்க வேண்டும். மென்றால் பல்லெல்லாம் அப்பிக்கொள்ளும். அன்னெகாவுக்கு அதை அம்மா முதல் நாளே தொண்டையைத் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தாள், அவள் அழகாக விழுங்கினாள். பல்லில் ஒட்டியதை நாக்கால் துழாவியபடி நான் நிமிர்ந்தபோது, அம்மா என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

நெதர்லாந்துக்குத் திரும்பக் கிளம்பும்போது என் பெட்டியில் பேக்கரியில் வாங்கிய மிக்சரும் பிஸ்கட்டும் இருந்தன. அன்னெகாவின் பெட்டியில் ராகி மாவும், களி கிண்டும் துடுப்பும், அந்தக் கூடையும்.

போன வாரம் அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். தோட்டத்து மேசையில் களி, அவளே விளைவித்த கீரையில் கடைசல். உருண்டை கொஞ்சமும் கட்டி தட்டாமல் இருந்தது. இரண்டு மாதமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்தவள் நான். கிள்ளினேன், தோய்த்தேன், மெல்லாமல் விழுங்கினேன். அம்மா பார்க்கவில்லையே என்றிருந்தது. அன்னெகா தனக்குச் சமையலறைக் குழாயில் ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். ஏழு வருடமாக நானும் தினமும் குடிக்கிற தண்ணீர். பிறகு, எனக்காகக் கடையில் வாங்கிய ஒரு பாட்டிலின் மூடியைத் திறந்து என் தட்டருகே வைத்தாள்.

"உனக்கு ஒத்துக்கொள்ளாதாமே. அம்மா வயிற்றைத் தொட்டுக் காட்டிச் சொல்லியனுப்பினாள்."