மினுக்கிய ஷில்லிங்

போன செவ்வாய்க்கிழமை கண்டியில் கண் கிளினிக்குப் போயிருந்தேன். நர்ஸ் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, வாங்கில் உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் எல்லாமே தண்ணீரில் கரைந்த மாதிரி... கையிலிருந்த துண்டில் என்ன நம்பர் என்றுகூடத் தெரியவில்லை.

பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன்.

"எனக்கும் மருந்து ஊத்தித்தான் ஈக்கி. ஒண்டும் வெளங்குதில்ல" என்றது ஒரு குரல்.

முகம் தெரியவில்லை. ஆனால் குரல்? பத்தொன்பது வருடமாக என்னோடு பேசாத குரல் அது!

பரீனா. கம்பளைக்காரி. ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் என் அறைத்தோழி. கலஹா தேயிலைத் தோட்டத்திலிருந்து போன என்னையும் அவளையும் சேர்த்து வைத்தது பழைய நாணயங்கள்தான். அதிலும், இரண்டாம் உலக யுத்தகாலத்தில் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்காக அடித்துக் கொடுத்த நாணயங்கள் என்றால் இருவருக்கும் உயிர். எங்கோ பிறந்து, கப்பலேறி, வேறொரு தேசத்தின் பெயரைச் சுமந்துகொண்டு... ஒரு சின்ன வட்டத்துக்குள் இவ்வளவு பயணமா?

சனிக்கிழமையானால் கம்பளை, பிலிமத்தலாவை என்று பழைய சாமான் கடைகளில் விரல் கறுக்கும்வரை கிண்டுவோம். வேலை கிடைத்து வேறு வேறு பள்ளிக்கூடங்களுக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை.

பரீனாவிடம் இருந்ததிலேயே பெரிய பொக்கிஷம் ஓர் ஆஸ்திரேலிய ஷில்லிங். 1943. ஒரு பக்கம் கொம்பு சுருண்ட செம்மறியாட்டுத் தலை. ஆண்டுக்குப் பக்கத்தில் கடுகளவு 'எஸ்' எழுத்து — அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது என்பதற்கு அடையாளம். பேராதனைப் பூந்தோட்டத்தில் படைத் தலைமையகம் இருந்த நாட்களில், அருகே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த அவளுடைய வாப்பாவிடம் யாரோ ஒரு சிப்பாய் கொடுத்தது.

கண்டியில் ஒரு நாணயக் கண்காட்சி நடந்தது. என் பலகையில் வைக்க அந்த ஷில்லிங்கை இரவல் கேட்டேன். மறுபேச்சில்லாமல் தந்தாள்.

நான் என்ன செய்தேன்? கறுத்துக் கிடக்கிறதே, பளிச்சென்று இருந்தால் அவள் சந்தோஷப்படுவாளே என்று பற்பசை போட்டுத் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது. பழைய நாணயத்தை மினுக்கினால் அதன் மதிப்பே போய்விடும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அன்று ஏனோ புத்தி வேலை செய்யவில்லை.

பரீனா வந்து பார்த்தாள். "இத ஆரு மினுக்கின?" அவ்வளவுதான் கேட்டாள். நான் தலை குனிந்தேன். ஷில்லிங்கை எடுத்துக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு போய்விட்டாள். நாலைந்து தரம் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. அதற்குப் பிறகு நானும் நாணயம் சேர்க்கவில்லை.

இப்போது அதே வாங்கில், ஒரு சாண் தூரத்தில்...

"பரீனா, நான்தான்."

"குரல்லயே வெளங்கிச்சி புள்ள. நீயே பேசட்டுமெண்டு ஈந்தேன்."

"அந்த ஷில்லிங் இன்னும் இருக்கா?"

பேர்ஸ் திறக்கும் சத்தம் கேட்டது. "கைய நீட்டு."

உள்ளங்கையில் வைத்தாள். பார்க்க முடியாது, விரலால் தடவினேன். ஆட்டின் கொம்பு தட்டுப்பட்டது. 'எஸ்' எழுத்தைத் தேடினேன். தேய்ந்தே போயிருந்தது.

"பேர்ஸ்லயா வச்சிருக்க?" பதறிவிட்டேன்.

"நீ மினுக்கின பொறகு ஆருக்குக் காட்டவாம்? ஆல்பத்தில ஈந்தா அலுமாரிக்குள்ளயேதான் கெடந்தீக்கும். இப்ப நான் போற எடமெல்லாம் வருது. ஹஜ்ஜுக்கும் வந்த. மகள்ட கலியாணத்துக்கும் வந்த."

"அப்ப... என் மேல கோபம் இல்லையா?"

"கோபம் ரெண்டு வருஷம்தான் புள்ள. மிச்சமெல்லாம் வெக்கம். போனும் எடுக்காம ஈந்துட்டு எந்த மொகத்தோட வந்து பேசுற?"

எனக்கும் அதேதான். அவள் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன், இரண்டு தடவை. யோசித்துப் பாருங்கள்... நம்மில் எத்தனை பேருடைய சண்டை எப்போதோ முடிந்து போய், வெட்கம் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

உள்ளே கூப்பிட்டார்கள். கண் ஏன் இப்படிச் சிவந்து வழிகிறது என்று டாக்டர் கேட்டார். மருந்து கொஞ்சம் காரம் என்றேன்!