புரிஞ்சுதா என்று கேட்டவன்

எங்கள் கம்பெனியின் சாஃப்ட்வேர் பழகச் சுலபமா என்று ஆராய்வது என் வேலை. கம்ப்யூட்டரில் பில் போடச் சொல்லிக்கொடுத்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்பதைத்தான் நான் ஆராய்ச்சி என்று நம்பினேன். அவ்வளவு பெரிய அறிவாளி.

தொண்ணூறுகளில், ஓசூரில் ஒரு லேத் பட்டறை. அங்கே கணக்கு எழுதிய அம்மா, கனத்த கண்ணாடியும் கனகாம்பரமுமாக, "புரிஞ்சுது சார்" என்பார். ஒவ்வொரு பட்டனையும் தொடுமுன் திரையைப் பார்க்காமல், பின்னால் நிற்கும் முதலாளியின் முகத்தைப் பார்ப்பார். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். 'எங்கள் சாஃப்ட்வேர் பழகச் சுலபம்' என்று கம்பெனிக்கு எழுதியும் போட்டேன்.

அடுத்த முறை போனபோது அந்த நாற்காலியில் வேறொருவர். பில்கள் தப்பாகி, அம்மாவுக்கு வேலை போயிருந்தது.

பிறகு ராயக்கோட்டை பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

"புரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதாம்மா?"

"மொதலாளி பக்கத்துலயே நின்னாரே சார்."