கண்ணாயி அணைத்த காவல் நெருப்பு

உள்ளறையில் தகர டப்பா உருண்டுபோய்ச் சுவரில் மோதும் சத்தம் கேட்டது. வந்தவர்களுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்த கண்ணாயியின் கை அப்படியே நின்றது. அவள் புருஷன் மாதன்தான் படுத்த இடத்திலிருந்து எட்டி உதைத்திருக்கிறான். பன்றி குத்திய வலது கால் போக, கோபத்தைக் காட்ட அவனுக்கு மிச்சம் இருந்தது இடது கால் ஒன்றுதான்.

"எலிங்க சார்," என்றாள் கண்ணாயி.

வானிலை அதிகாரி காளியண்ணன் நாமக்கல்காரர். அந்த எலி எதுவென்று அவருக்குப் புரிந்தது. பக்கத்தில் சம்மணம் போடத் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த பிரெஞ்சு இளைஞன் மார்செலுக்கு அதை மட்டும் அவர் மொழிபெயர்க்கவில்லை.

அவர்கள் கேட்டு வந்தது ஓர் உதவி. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்று நவம்பர் மாதம். கேரளக் கடற்கரையில் தும்பா என்ற ஊரிலிருந்து அன்று மாலை முதன்முதலாக ஒரு ராக்கெட் வானத்துக்குக் கிளம்புகிறது. உச்சியில் அது சோடியம் ஆவியைக் கக்கும். மறைந்த சூரியனின் வெளிச்சம் பட்டு அந்த ஆவி ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று படம் பிடித்தால், அத்தனை உயரத்தில் காற்று எப்படி வீசுகிறதென்று தெரிந்துவிடும். அதற்கான கேமராக்களில் ஒன்றைத்தான் கொல்லிமலையின் குண்டனி நாட்டில், கண்ணாயியின் சாமைக் காட்டை ஒட்டிய பாறைமேல் நிறுத்தியிருந்தார்கள். அவள் மூட்டும் காவல் நெருப்பு நேராகக் கேமராவின் கண்ணில் விழுந்தது. இன்று ஒரு மாலை மட்டும் அது எரியக் கூடாது.

ஒரு மாலைதானே என்று நாம் சொல்லிவிடலாம். போன வருஷம் ஒரே மாலையில்தான் பன்றிகள் அவள் வெள்ளாமையையும் புருஷன் காலையும் சேர்த்துக்கொண்டு போயின. அதன்பின் வருஷம் முழுக்கக் காட்டுக் கிழங்கை அவித்துத் தின்று உயிர் பிழைத்தார்கள். இந்த வருஷம் கதிர் மணி பிடித்துத் தலை சாய்ந்து நிற்கிறது. முன்கூட்டியே அறுத்துவிடலாம் என்றால், முதல் கதிரைச் சாமிக்குப் படைத்துப் புதிர் வைக்காமல் அந்த ஊரில் யாரும் அரிவாளைத் தொட மாட்டார்கள். புதிர் நாள் நாளைக் காலை. இந்த ஒரு மாலையைத் தாண்டிவிட்டால் போதும். அந்த மாலையைத்தான் கேட்டு வந்திருக்கிறார்கள்!

ராக்கெட் யாருடையது என்று கேட்டாள். அமெரிக்காவுடையது, உள்ளே இருக்கும் சரக்கு இந்தத் தம்பியின் பிரான்ஸ் தேசத்தது, இடம் நம்முடையது, ரஷ்யாக்காரர்களும் கைகொடுக்கிறார்கள் என்றார் அதிகாரி.

"அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் ஆகாதும்பாங்களே?"

"ஆகாதுதான். இதுல மட்டும் சேந்துக்கறாங்க."

மார்செல் உற்சாகமாக ஏதோ சொன்னான். ஒரு காலத்தில் எல்லாத் தேசத்து ஆட்களும் அந்தரத்தில் ஒரே வீட்டில் குடியிருப்பார்களாம்.

"அந்த ஊட்டுல கூழு காச்சறது ஆருங்க?"

கேள்வி தன்னிடம் வந்து சேர்ந்ததும் மார்செல் தன் கையையே தூக்கினான். கண்ணாயிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உன் வீட்டில் வெள்ளாமை உண்டா என்று கேட்டாள். அம்மா மக்காச்சோளம் போடுகிறாள் என்றான். அங்கேயும் காட்டுப்பன்றி வருகிறதாம். அம்மா கத்தியே விரட்டுவாளாம். அந்தக் கத்தலை அவன் கத்திக் காட்டியபோது கூரையில் இருந்த சேவல் பயந்து குதித்தது.

எங்கேயோ கடலுக்கு அப்பால் ஒருத்தி, தன்னைப் போலவே பன்றிக்குப் பயந்து இருட்டில் நிற்கிறாள். கண்ணாயியின் நெஞ்சு இளகிவிட்டது.

"சரி சாமி, மூட்டல."

உள்ளறையில் டப்பா மறுபடி உருண்டது.

சூரியன் இறங்கியபோது காட்டில் முந்தின நாள் கங்கு கனன்றுகொண்டிருந்தது. அந்த மலையில் காவல் நெருப்பில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஊற்றினால் வெள்ளாமையின் யோகம் அவிந்துபோகும் என்பார்கள். வழக்கம்போல் அவள் பச்சைத் தழையைப் போட்டு மூடினாள். அங்கேதான் வந்தது வினை. வானொலிப் பெட்டியில் ராக்கெட் கிளம்பும் செய்தி வந்த நேரம் பார்த்துத் தழை புகைந்தது. வெள்ளைப் புகை சுருண்டு எழுந்து கேமராவின் எதிரே திரை கட்டியது. பாறைமேல் மார்செல் இரண்டு கைகளையும் ஆட்டினான்.

கண்ணாயி குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள். கண்ணை மூடி, சாமியின் பேரைச் சொல்லி, ஊற்றினாள். சொய்யென்ற சத்தத்தோடு கடைசிக் கங்கும் அவிந்தது.

தென்மேற்கு வானத்தில் ஒரு கீற்று தோன்றியது. பிறகு அது குங்குமப்பூவைக் கரைத்து ஊற்றியதுபோல் விரிந்து, நெளிந்து, சுடர்விட்டது. சாமைக் கதிரெல்லாம் அந்த வெளிச்சத்தில் சிவந்ததாக அவளுக்குத் தோன்றியது. பசியும் பயமும் மறந்து வாய் பிளந்து நின்றாள்.

கீழ்க் கரையில் சரசரத்தது. பன்றிகள்.

நெருப்பு இல்லை. கையில் கம்பும் இல்லை. அப்போது அவள் முதுகுக்குப் பின்னால் தகரம் இடியாக முழங்கியது. மாதன்! ஒற்றைக் காலில் தத்தித் தத்தி, உதைத்த அதே டப்பாவை அடித்துக்கொண்டு வந்தான். "வானத்தைப் பாக்கறவ பாரு புள்ள. பன்னிய நான் பாக்கறேன்," என்றான். காளியண்ணன் சாப்பாட்டுத் தட்டை அடித்துக்கொண்டு ஓடி வந்தார். பாறைமேல், கேமராவை விட்டுக் கையை எடுக்காமலே, மார்செல் தன் தாயின் குரலில் கத்தினான். கண்ணாயியும் அதே கத்தலைக் கத்தினாள். கொல்லிமலைப் பன்றிகளுக்கும் பிரெஞ்சு புரிந்துவிட்டது போலிருக்கிறது. கீழ்மூலையை மட்டும் மிதித்துவிட்டு இறங்கி ஓடின.

மறுநாள் புதிர் வைத்து, புதுச் சாமை பொங்கி, மார்செலுக்கு முதல் உருண்டையை அவளே உருட்டிக் கொடுத்தாள். படம் தெளிவாக விழுந்திருக்கும் என்று அவன் நம்பினான். அம்மாவுக்குக் கொண்டுபோக ஒரு பிடி சாமை கிடைக்குமா என்று அதிகாரி மூலம் கேட்டான். புதிர் அன்றைக்குத் தானியம் வாசல் தாண்டக் கூடாது என்று மாதன் முனகினான்.

"வவுத்துக்குள்ள போனது தாண்டலாமுங்க," என்று கண்ணாயி இன்னொரு உருண்டை வைத்தாள். "உங்கம்மாகிட்டச் சொல்லு சாமி, அவ சத்தம் இங்க வரைக்கும் கேட்டுதுன்னு."

அவன் கைகூப்பி, நிலையில் தலை இடித்துக்கொண்டு வெளியேறினான். ஒற்றையடிப் பாதை திரும்பும் இடத்திலிருந்து அந்தக் கத்தல் ஒருமுறை கேட்டது. கண்ணாயி பதிலுக்குக் கத்தினாள். பிறகு, புதுத் தானியம் வந்த வீட்டில் அது வாசல் தாண்டாதிருக்கச் செய்வதுபோல், கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.