அக்கா அவித்த மூட்டம்

பிள்ளைகளா, நம் வாசற்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கட்டையை முட்டுக் கொடுத்திருக்கிறேனே, அது ஒரு பக்கம் கரி, மறுபக்கம் மரம். தூக்கிப் போட்டால் என்ன என்று கேட்கிறீர்கள். அது உங்கள் அத்தை, என் அக்கா, போட்ட கரிமூட்டத்தில் கிடந்தது.

திருப்புல்லாணிக்கு மேற்கே எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் அக்காவும் நானும் சீமைக்கருவேல் வெட்டி அடுக்கி, மேலே மண் பூசி, உள்ளே நெருப்பைப் புகையவிட்டுக் கரியாக்குவோம். அந்த வருஷக் கரியை விற்றுத்தான் தன் ஓலைக் கூரையை எடுத்துவிட்டு ஓடு போட இருந்தாள். மழை வந்தால் அவள் வீட்டுச் சட்டி பானையெல்லாம் ஒழுகுகிற இடத்தில்தான் இருக்கும். கண்மாய்க்குள் நின்ற மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டியிருந்தன. இடுப்பு உயரம் இருக்கும். வால் பக்கம் ரோஜா நிறம். பெரிய நாரைக்குக் கத்தத் தெரியாது, மூக்கைத்தான் டக்டக்கென்று தட்டும். வெயில் ஏறினால் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழலாக நிற்கும். அக்கா தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிட மறந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பங்குனி மாதம். மூட்டம் போட்ட மூன்றாம் நாள் உச்சிவேளையில் காற்று திரும்பியது. புகை முழுக்கக் கூடுகளின் மேல் போனது. பெரிய நாரைகள் எழும்பிச் சுற்றிச் சுற்றி வந்தன, இறங்க முடியவில்லை. குஞ்சுகள் வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. புகைத்துளைகளை மண்ணால் அடைத்தோம். வெடிப்பு வழியாக வந்துகொண்டேயிருந்தது.

"குடத்த எடுலே, அவிச்சுருவோம்" என்றாள் அக்கா.

"கிறுக்காக்கா ஒனக்கு? கூரைக்கு என்ன செய்வ? சாயங்காலம் காத்து திரும்பிரும்."

"சாயங்காலம் வரைக்கும் அதுக தாங்குமாலே? நம்ம போட்ட புகைதான. மழைக்கு இன்னும் ஆறு மாசம் கெடக்கு. மோந்து ஊத்து."

மூட்டத்தை உடைத்து, கண்மாய்த் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினோம். புகை அடங்கியதும் ஒரு நாரை இறங்கியது, பிறகு இன்னொன்று. சிறகுகள் விரிந்தன. கைக் கொப்புளத்தை ஊதிக்கொண்டே அக்கா, "பாருலே, எறங்கிருச்சு" என்றாள்.

பாதி வெந்த கட்டையை வியாபாரி வாங்கவில்லை. ஐப்பசி மழையில் அக்கா வீட்டில் மறுபடியும் சட்டி பானை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, "நாரை மாதிரி நிக்காதலே, அந்த வாளிய இங்கன தள்ளி வை" என்று சிரித்தாள். ஓடு போட இரண்டு வருஷம் ஆனது.

இப்போது அத்தை இல்லை. இந்த வருஷமும் நாரைகள் வந்திருக்கின்றன. கதவைத் திறக்கும்போதெல்லாம் குனிந்து, கட்டையில் கறுப்பு முடிந்து மரம் தொடங்குகிற இடத்தைத் தொட்டுப் பார்ப்பேன். அந்த இடத்தில்தான் அக்கா தண்ணீர் ஊற்றினாள்.