நான் தட்டச்சு செய்த ஒற்றனின் கடிதங்கள்

யாழ்ப்பாணத்து அரசாங்க அலுவலகமான கச்சேரியில் தட்டச்சு எழுத்தராக இருந்த எனக்கு லண்டனில் கிடைத்த முதல் நல்ல வேலை, பழைய கடிதங்களைத் தட்டச்சு செய்வது. எண்பதுகளின் கடைசி அது. வரலாற்று ஆய்வாளரான ஓர் ஆங்கிலேய அம்மாவுக்குக் கண்பார்வை குறைந்துகொண்டு வந்தது. ஆவணக் காப்பகத்தில் எடுத்த போட்டோ பிரதிகளை அவர் தருவார். வட லண்டனில், ஆர்ச்வேயில், எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து நான் அவற்றைத் தட்டிக் கொடுப்பேன்.

எழுதியவன் ஓர் உளவாளி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இதே லண்டனில், வாக்குரிமையும் மலிவான ரொட்டியும் கேட்டு மதுக்கடை மாடிகளில் கூடிய செருப்புத் தொழிலாளர், நெசவாளர் நடுவே அரசாங்கம் அவனை உட்காரவைத்திருந்தது. யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், எவருடைய மனைவி நோயில் கிடக்கிறாள் என்பது வரை எழுதி அனுப்பினான். தன் பெயருக்குப் பதிலாக ஒற்றை எழுத்து. கையெழுத்து மிக அழகு. இரண்டு வாரத்தில் அது எனக்குப் பழகிவிட்டது. அப்படிப் பழகியது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு கடிதத்தில், தங்களுக்குள் ஒற்றன் இருக்கிறான் என்று கூட்டத்தாருக்குச் சந்தேகம் வந்ததை விவரித்திருந்தான். சந்தேகம் வயதான ஒரு தையற்காரர் மேல் விழுந்தது. அவர் அதிகம் கேள்வி கேட்பவர். புதுக் கோட்டு வேறு போட்டிருந்தார். அவரை வெளியேற்றச் சொல்லி முதலில் எழுந்து பேசியது தானே என்றும், அதன்பின் எல்லோரும் தன்னைக் கூடுதலாக நம்புகிறார்கள் என்றும் எழுதியிருந்தான்.

அதற்கு மேல் என்னால் தட்ட முடியவில்லை.

அதற்கு மூன்று வருடத்துக்கு முன், நாங்கள் நடத்திய சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் ஒருவரை வெளியேற்றியிருந்தோம். எங்களில் ஒருவர் இங்கே இலங்கை அரசுக்கு எதிரான ஒரு கூட்டத்தில் பேசிய பிறகு, அவருடைய தம்பியைக் கொழும்பு விமான நிலையத்தில் பிடித்துவிட்டார்கள். யாரோ பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று பேச்சு எழுந்தது. பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்த ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர் இலங்கைத் தூதரகத்துக்குள் போவதை யாரோ கண்டிருந்தார்கள். அது போதுமாக இருந்தது. அவரை நிறுத்தக் கை உயர்த்தச் சொன்னபோது நானும் உயர்த்தினேன்.

கணவரிடம்கூடச் சொல்லாமல் ஒரு பின்னேரம் தென் லண்டனில் லூயிஷாமுக்குப் போனேன். அந்தத் தபால் அதிபர் தன் மகளுடைய வீட்டில் இருந்தார். என்னை உள்ளே வரச் சொல்லி, தானே தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். நான் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். பிறகு கேட்டேன்.

"மாஸ்டர், ஏன் தூதரகத்துக்குப் போனனீங்கள்?"

"பென்ஷனுக்கு. நான் உயிரோட இருக்கிறன் எண்டு வருசா வருசம் அவையிட்டக் கையெழுத்து வாங்கவேணும்."

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"ஒருத்தரும் கேக்கேல்லை, பிள்ளை. கேக்காமலே கையை உயர்த்தினீங்கள்."

"நானும் உயர்த்தினனான்."

"ஓம். நீர் முன்வரிசையில இருந்தனீர்."

அவர் கோபப்படவில்லை. நான் அழுதேன். நான் முடிக்கும்வரை அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தத் தையற்காரருக்கு என்ன நடந்தது என்று விசாரித்தார். கடிதங்களில் இல்லை என்றேன்.

பள்ளியின் அடுத்த கூட்டத்தில் எழுந்து நடந்ததைச் சொன்னேன். முடிந்த கதையை ஏன் கிளறுகிறாய் என்று செயலாளர் கடிந்துகொண்டார். ஆனாலும் நாலு பேர் என்னோடு கையொப்பம் வைத்தார்கள். மன்னிப்புக் கேட்டு, திரும்பி வரும்படி அவருக்கு எழுதினோம். நன்றி என்று பதில் வந்தது. அவர் வரவில்லை. லூயிஷாமிலேயே வீட்டு முன்னறையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதாகப் பிறகு அறிந்தேன்.

அந்த அம்மாவிடமும் தையற்காரரைப் பற்றிக் கேட்டேன். எனக்காகவே காப்பகத்தில் மூன்று நாள் தேடினார். வெளியேற்றிய நாளுக்குப் பின் அவர் பெயர் ஒரு தாளிலும் இல்லை.

பிடிபட்ட தம்பி பதினொரு மாதத்திலேயே விடுதலையாகி லண்டனுக்கு வந்து சேர்ந்திருந்தார். விசாரித்தவர்கள் காட்டிக்கொடுத்தவர் என்று எவருடைய பெயரையும் தன்னிடம் சொல்லவில்லை என்றார். எங்களில் ஒருவர் பேசிய அந்தக் கூட்டத்துக்கு அறுபது பேர் வந்திருந்தோம். தகவல் கொடுத்தது யார் என்றோ, அப்படி ஒருவர் இருந்தாரா என்றோ எங்களுக்கு இன்றுவரை தெரியாது.