வற்றிப்போன ஒரு காம்பு

நகரத்துக்கு வெளியே சுவா சூ காங்கில் நாங்கள் பால் ஆடு வளர்த்த காலத்தில், ஊசி போடாத ஆட்டின் பால் வேண்டும் என்று நகரத்துக்குள் இருக்கும் தேக்காவிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். பக்கத்துப் பண்ணையில் மூட்டைத் தீனி, ஊசி எல்லாம் உண்டு. எங்களிடம் வெட்டிய புல்லும் பலா இலையும்தான். அதில் என் கணவருக்குப் பெருமை.

ஒரு காலையில் கறுப்பு ஆட்டின் மடி ஒரு பக்கம் கல்லாக வீங்கிச் சுட்டது. பால் கட்டிகட்டியாக வந்தது.

“மாட்டு டாக்டரக் கூப்பிடுங்க, எனக்குப் பயமா இருக்கு.”

“உனக்கு எதுக்குத்தான் பயமில்ல? மழை பெஞ்சா பயம், பஸ் லேட்டானா பயம். மஞ்சள் போட்டா சரியாயிடும் லா. ஊசி போட்டா அந்தப் பால யாரு வாங்குவா?”

“விக்க வேணாம், கீழ ஊத்திடலாம்.”

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் மஞ்சளும் கற்றாழையும் அரைத்துப் பூசினேன். ஆடு எழுந்திருக்க முடியாமல் படுத்த பிறகுதான் டாக்டர் வந்தார். உயிர் தப்பியது, மடியின் அந்தப் பக்கம் வற்றிப்போனது.

சின்னப் பயங்களையெல்லாம் எனக்குள்ளேயே வைத்திருந்தால், அந்த ஒருமுறையாவது என் பேச்சைக் கேட்டிருப்பாரோ என்று இன்னும் தோன்றுகிறது. அடுத்த ஈற்றுக் குட்டி வற்றிய காம்பையே முட்டிக்கொண்டிருக்கும். நான்தான் அதன் தலையைப் பிடித்து மறுபக்கம் திருப்பிவிடுவேன்.