பொன்னாடை போர்த்தி அனுப்பினோம்

அறந்தாங்கியில் நாங்கள் நடத்தும் ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பாட்டுக் கச்சேரி உண்டு. நேற்று ஒருவர் போனில் கேட்டார்: "நான் வீல் சேர்ல வருவேங்க. ஒங்க ஹோட்டல் தோதுப்படுமா?"

"தாராளமா வாங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்றேன்.

பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள்.

இன்று அவரும் மனைவியும் வந்ததும் நான்கு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கி, வாசல்படி ஏற்றி, மேடைக்கு முன்னால் உட்கார வைத்தோம். பாடிக்கொண்டிருந்த என் மச்சான் பாட்டை நிறுத்திவிட்டு, மைக்கில் அவரைத் "தன்னம்பிக்கை நாயகன்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் பொன்னாடை போர்த்தினேன். போட்டோவும் எடுத்துக்கொண்டோம்.

கொஞ்ச நேரத்தில் அவர் என்னைக் கூப்பிட்டு, "பாத்ரூம் எங்கிட்டுங்க?" என்றார்.

பாத்ரூம் பின்பக்கம். படி இறங்க வேண்டும். கதவில் அவர் நாற்காலி நுழையாது.

"தூக்கிட்டுப் போறோம் சார்."

"உள்ளயும் தூக்கிக்கிட்டே நிப்பீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

சாப்பாடு வருவதற்குள், எங்களையே படி இறக்கிவிடச் சொல்லி, கிளம்பிவிட்டார்கள். அவர் மனைவி கேட்டிருந்த பாட்டை மச்சான் இன்னும் பாடியிருக்கவில்லை. பொன்னாடை மேசை மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

நாளைக்கே கொத்தனாரை வரச் சொல்லி, சரிவுப் பாதையும் அகலக் கதவும் போட்டுவிடுவோம் என்று மச்சானிடம் சொன்னேன்.

"போட்டுருவோம் மாப்ள. தெறப்பு விழாவுக்கு அவரையே கூப்பிட்டு, இந்தப் பொன்னாடையவே போத்திருவோம்."

மச்சானைத் திட்ட வருகிறவர்கள் என்னையும் சேர்த்தே திட்டுங்கள். காலையில் கடைக்குப் போய் அந்தப் பொன்னாடையை வாங்கி வந்தவன் நான்தான்.